பதினைந்து பைட்டில் ஒரு பெயர்: உள்ளூர் வலையமைப்பில் கணினிகளைக் கண்டறிந்த வரலாறு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கோலா தெர்லா. தெர்லா என்பது ஆற்றின் பெயர். 'குவாலா' என்னும் மலாய்ச் சொல் ஓர் ஆறு கடலோடோ வேறோர் ஆற்றோடோ கூடுமிடத்தைக் குறிக்கும். அச்சொல் தமிழர் நாவில் 'கோலா' என்றாயிற்று. கோலாலம்பூர், கோலா சிலாங்கூர், கோலா பிலா ஆகிய பெயர்களையும் நாம் அவ்வாறே வழங்கி வருகிறோம். அரசு ஆவணத்தில் ரோமன் எழுத்தில் ஒரு வடிவம், மக்கள் வழக்கில் தமிழில் ஒரு வடிவம் என ஒரே ஊருக்கு இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன. கேமரன் மலை என்னும் பெயரும் 1885-இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரால் வந்ததே. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல், இம்மலையின் தோட்டப் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. அவை ஏறியதோ பெரும்பாலும் பிறர் செவியில் விழுந்தபடி, பிறர் எழுத்தில்.

பெயர் பதிவேட்டில் ஏறுவதும், ஏறும்போது அதன் உரு மாறுவதும் தோட்ட வரலாற்றோடு முடிந்துவிட்டவை அல்ல. பள்ளியின் கணினிக்கூடத்தில், ஓர் அலுவலகத்தில், ஒரே கம்பியிலோ ஒரே அலையிலோ இணைந்த கணினிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் முறையிலும் அதே நிகழ்வு நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. கோப்புகளைப் பகிரும் கணினி எது, அதன் பெயர் யாது, அது எந்த முகவரியில் உள்ளது என்பவற்றை ஒரே வரிக் கட்டளையால் கண்டறியும் சிறு கருவிகள் பல உள்ளன. அக்கருவிகளின் வரலாற்றை இவ்வுரையில் காண்போம். மொழி மன்றத்து மேடையில் கணினிக் கருவிக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழக்கூடும். அந்தக் கருவி திரையில் காட்டுவது பெயர்களின் பட்டியலை. அப்பட்டியலில் எந்த மொழியின் எழுத்து இடம்பெற இயலும் என்பது மொழியைச் சார்ந்த வினாவே.

பெரட்டும் பேரேடும்

மலாயாவிலும் இலங்கை மலையகத்திலும் தோட்டத் தொழிலாளர் விடியுமுன் கூடிய இடம் பெரட்டுக்களம். 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லே 'பெரட்டு' எனத் திரிந்தது. கங்காணி அல்லது கிராணி செக்ரோல் என்னும் பேரேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார்; வந்தவர் குரல் கொடுப்பார். இலங்கைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கே ஒரு நாள் வேலைக்கான கணக்கு என்னும் பொருள் ஏற்பட்டது. வேலை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். அரை நாள் கூலிதான் கிடைக்கும். பெயர் என்பது வயிற்றோடு தொடர்புடையதாக இருந்த காலம் அது.

இம்முறையை நினைவிற்கொண்டால் கணினி வலையமைப்பின் அடிப்படை எளிதில் விளங்கும். ஓர் இடத்தில் யார் யார் உள்ளனர் என்பதை அறிய மூன்று வழிகளே உண்டு. களத்தின் நடுவில் நின்று உரக்கக் கூவி, குரல் கொடுப்பவரைக் குறித்துக்கொள்ளலாம். முன்பே பேரேடு வைத்திருப்பவரை அணுகிக் கேட்கலாம். அல்லது லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கதவைத் தட்டிச் செல்லலாம். கணினி வலையமைப்பில் இம்மூன்றும் நடைமுறைக்கு வந்தன. மூன்றும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

பதினாறு பைட்டுகள்

ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினிகளை இணைப்பதற்காக 1984-இல் பிசி நெட்வொர்க் என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. அதற்கென சைடெக் என்னும் நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்த இடைமுகமே நெட்பயாஸ். ஒரு தளத்தில், ஒரு கட்டடத்தில் உள்ள சில பத்துக் கணினிகளுக்கென எண்ணிச் செய்யப்பட்டது அது. எண் முகவரிகளை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதால், ஒவ்வொரு கணினியும் ஒரு பெயரைத் தேர்ந்து, "இப்பெயரை வேறு யாரேனும் வைத்திருக்கிறீர்களா?" என்று வலையில் உள்ள அனைவரையும் நோக்கிக் கேட்கும். மறுப்பு வராவிட்டால் அப்பெயர் அதற்கே உரியதாகும்.

அப்பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பதினாறு பைட்டுகள். மைக்ரோசாஃப்ட் இம்முறையை ஏற்றபோது, பதினாறாவது பைட்டைப் பெயருக்குத் தராமல், அப்பெயருடையவர் செய்யும் தொழிலைக் குறிப்பதற்கென வைத்துக்கொண்டது. பெயருக்கு எஞ்சியவை பதினைந்து. கடைசி பைட்டில், பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், 20 என்றிருந்தால் அக்கணினி கோப்புப் பகிர்வுச் சேவை தருகிறது என்று பொருள். 00 என்றிருந்தால் வெறும் பணிநிலையம். 03 என்றிருந்தால் செய்தி பெறுவதற்குரிய பெயர், பெரும்பாலும் அக்கணினியைப் பயன்படுத்துபவரின் பெயர். பேரேட்டில் பெயருக்கு அடுத்த கட்டத்தில் கொழுந்து பறிப்பவர், கவ்வாத்து வெட்டுபவர் என்று எழுதி வைத்தது போன்றதே இது. கோப்பு பகிரும் கணினிகளை மட்டும் பிரித்துக் காட்டும் கருவிகள் அனைத்தும் இந்த ஒற்றை பைட்டைச் சார்ந்தே எழுதப்பட்டன.

கோப்புகளைப் பகிர்வதற்கான உரையாடல் முறை தனியே வளர்ந்தது. ஐபிஎம்மில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் அதனை உருவாக்கி, முதலில் தம் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு இட்டார் என்பர். பின்னர் அது எஸ்எம்பி என்று பெயர் மாறியது. 1987 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 1001, 1002 என்னும் இரு ஆவணங்கள், இணையத்தின் அடிப்படை நெறிமுறையின் மேல் நெட்பயாஸ் பெயர்கள் எவ்வாறு செல்ல வேண்டும் என்பதை வரையறுத்தன. பெயர் விசாரிப்புக்கு 137 ஆம் எண் போர்ட் என்று அதில் நிலைபெற்றது.

அவ்வாவணங்களில் மொழி ஆர்வலர் சற்று நின்று நோக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. பெயரின் ஒவ்வொரு பைட்டும் இரு பாதிகளாகப் பிளக்கப்பட்டு, ஒவ்வொரு பாதியும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பதினாறு எழுத்துகளுள் ஒன்றாக மாற்றப்படும். பதினாறு பைட்டுப் பெயர் முப்பத்திரண்டு எழுத்துத் தொடராகி வலையில் பயணம் செய்யும். ஆங்கிலப் பெயரும் அவ்வடிவில் ஆங்கிலேயருக்கே புரியாது. எந்த மொழியின் பைட்டாயினும் அச்சல்லடை வழியே சிதையாமல் சென்றிருக்கும் என்பதுதான் இதில் உள்ள வியப்பு. தடை கம்பியில் இல்லை. இரு முனைகளிலும் இருந்த எழுத்தட்டவணைகளில் இருந்தது.

பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதுவது மைக்ரோசாஃப்டின் மரபாயிற்று. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. அதனால் தீங்கில்லை என்று தோன்றலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கிலச் சிறிய எழுத்தின் இடத்தில் 'ம' இருக்கும். அதே விசையின் பெரிய எழுத்தின் இடத்தில் 'மு' இருக்கும். 'த'வுக்குப் பெரிய எழுத்து 'து', 'ப'வுக்கு 'பு'. அத்தகைய எழுத்துருவில் தட்டிய பெயரைக் கணினி பெரிய எழுத்தாக்கினால், மீண்டும் அதே எழுத்துருவில் வைத்துப் படிக்கும்போது 'படம்' என்பதன் உயிர்மெய்கள் எல்லாம் உகரமேறி நிற்கும். பதிவேட்டுக் கிராணி பெயரைத் திரித்ததற்கும் இதற்கும் வேறுபாடு, இங்கே திரித்தவருக்குத் தாம் திரிப்பது தெரியவே தெரியாது என்பதுதான்.

கேட்டுக் கற்ற மொழி

இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்வு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்தது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜெல், 1991 இறுதியில், தம் தனியாள் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைப் பெற விரும்பினார். அதற்கான மென்பொருள் டிஜிட்டல் நிறுவனத்தின் தனியுடைமை. அது பயன்படுத்திய நெறிமுறையின் விளக்கம் அவர் கையில் இல்லை. எனவே, இரு கணினிகள் உரையாடும்போது கம்பியில் செல்லும் பொட்டலங்களைப் பிடித்து, எந்தக் கேள்விக்கு எந்த மறுமொழி வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்து, அதே மறுமொழிகளைத் தாமே தரும் நிரல் ஒன்றை எழுதினார். 1992 ஜனவரியில் அது பொதுவில் வெளிவந்தது.

பிற்காலத்தில் அவர் இம்முறையை விளக்க ஓர் உவமை கூறினார். பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் அமர்ந்திருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் என்ன சொல்கிறார், அதற்குப் பணியாளர் எதைக் கொண்டுவருகிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தால், இலக்கண நூல் இல்லாமலே உணவு கேட்கத் தெரிந்துவிடும். தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்கு வந்த நம் முன்னோர் பலர் மலாய் பேசக் கற்றதும் இவ்வழியில்தான் அல்லவா? மொழி கற்பித்தலில் நேர்முறை என்று நாம் ஆசிரியப் பயிற்சியில் படிப்பதை, இயந்திரங்களின் மொழிக்குப் பொருத்திப் பார்த்தவர் டிரிஜெல்.

அந்நிரலுக்கு முதலில் இட்ட பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப்பெயரோடு மோதியதால், புதுப்பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்களை, கணினியில் இருந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் ஒரே கட்டளையால் தேடினார். கிடைத்த சில சொற்களுள் ஒன்று சாம்பா என்னும் நடனத்தின் பெயர், அதையே இட்டார். கட்டளைவரியில் பிறந்த பெயர் அது. அகராதிக்காரர் எவரும் அதைச் சூட்டவில்லை.

கட்டளைவரியில் மூன்று வழிகள்

1992 அக்டோபரில் வெளிவந்த பணிக்குழுக்களுக்கான விண்டோஸ், பேரேடு வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் நிலையாகத் தராமல் தேர்தலுக்கு விட்டது. ஒரே வலைத்துண்டில் உள்ள கணினிகள் தமக்குள் ஒரு தலைமைப் பட்டியலாளரைத் தேர்ந்துகொள்ளும். இயங்குதளத்தின் தகுதி, எவ்வளவு நேரமாக இயங்குகிறது போன்றவை வாக்குகளாக எண்ணப்படும். மற்றக் கணினிகள் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கும். தொடர்ந்து மூன்று முறை குரல் வராவிட்டால், அதாவது 36 நிமிடங்கள் கழிந்தால், தலைமைப் பட்டியலாளர் அப்பெயரை நீக்கும். துணைப் பட்டியலாளர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதிய படி எடுக்கும். ஆகவே, அணைத்து வைத்த கணினியின் பெயர் 51 நிமிடங்கள் வரை பட்டியலில் உலவக்கூடும். விண்டோஸ் 95 இப்பட்டியலை 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்னும் படவுருவாக மேசைமேல் வைத்தது. அதைத் திறந்து, இல்லாத கணினியைச் சொடுக்கி, நெடுநேரம் காத்திருந்த அனுபவம் அக்கால ஆசிரியர் பலருக்கு உண்டு. இருப்பதைக் காட்டாமல், சற்றுமுன் இருந்ததைக் காட்டியதே அதன் குறை.

அப்பட்டியலின் காலத்தாழ்வைக் கடந்து உடனடி உண்மையை அறிய வேண்டியவர்கள் கட்டளைவரிக்குத் திரும்பினார்கள். சாம்பாவோடு வந்த என்எம்பிலுக்அப் என்னும் கட்டளை, உடுக்குறியை மட்டும் பெயராகக் கொடுத்தால், வலைத்துண்டு முழுதும் கேட்கும்படி கூவி, மறுமொழி தருபவரின் முகவரிகளைக் காட்டும். இது பெரட்டுக்களக் கூவல். எஸ்எம்பிட்ரீ என்னும் கட்டளை தலைமைப் பட்டியலாளரை அணுகி, பணிக்குழு, அதன்கீழ்க் கணினிகள், அவற்றின்கீழ்ப் பகிர்ந்த அடைவுகள் என்று கிளைவிட்ட மரமாக எழுதிக்காட்டும். இது பேரேட்டைக் கேட்பது. என்பிடிஸ்கேன் என்னும் சிறு கருவி கதவு தட்டும் வகையைச் சேர்ந்தது. அதற்கு முகவரி வரம்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். 192.168.1.0/24 என்று கொடுத்தால், ஒன்று முதல் 254 வரையுள்ள ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியே 137 ஆம் போர்ட்டில் ஒரு வினாவை அனுப்பும். வினா எளியது: "உன் பெயர்கள் அனைத்தையும் சொல்." மறுமொழி தந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதும்: எண் முகவரி, நெட்பயாஸ் பெயர், கோப்புச் சேவை உண்டா என்னும் குறி, பயன்படுத்துபவர் பெயர், வலை அட்டையின் ஆறு பைட்டு வன்பொருள் முகவரி. நாம் முன்னே கண்ட அந்த 20 என்னும் பைட்டு இருந்தால்தான் சேவைக்குறி தோன்றும்.

ஆசிரியருக்கு இதனால் ஆவதென்ன? மலைப் பள்ளத்தாக்குகளில் இணைய அலை எல்லா இடத்தும் ஒரே சீராக எட்டுவதில்லை. உள்ளூர் வலையமைப்போ வெளியுலகத் தொடர்பு அறுந்தாலும் தன் வேலையைச் செய்யும். ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பயிற்றித் தாள்கள், ஒலிப்பதிவுகள், பழைய தேர்வு வினாக்கள் ஒரு கணினியின் பகிர்ந்த அடைவில் கிடக்கும். அக்கணினி இடம் மாறி, முகவரி மாறி, பொறுப்பாசிரியரும் மாற்றலாகிச் சென்றபின், அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே அச்செல்வம் மறைந்துபோவதுண்டு. அவ்விடத்தில் ஒரு வரிக் கட்டளை அதனை மீட்டுத் தரும்.

மீட்டுத் தருவது போலவே காட்டிக்கொடுக்கவும் செய்யும். பகிர்வுப் பெயரின் இறுதியில் டாலர் குறி இட்டால் அது மறைந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அக்குறியுள்ள பெயரைக் காட்டாமல் விடுவது பார்க்கும் விண்டோஸின் நாகரிகமே அன்றி, வைத்திருக்கும் கணினியின் பூட்டு அன்று. சாம்பாவின் கருவிகள் அதனைத் தயங்காமல் எழுதிக்காட்டும். ஒரு கணினியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதையும் 03 என்னும் பைட்டு வெளியிட்டுவிடும். ஆகவே, மாணவர் இக்கருவிகளைத் தம் வீட்டிலோ, பொறுப்பாசிரியரின் ஒப்புதலோடு பள்ளியிலோ மட்டுமே இயக்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவது மலேசியாவின் 1997 ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

தமிழ் நுழைந்த வழி

இவ்வலையமைப்புகள் பரவிய அதே ஆண்டுகளில் தமிழ்க் கணிமை தன் எழுத்துச் சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை வளர்த்தார். 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. திஸ்கி, டாப், டாம் என்று குறிமுறைகள் பல போட்டியிட்டன. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், நம் மேசைக் கணினிகளில் அது நடைமுறைக்கு வந்தது விண்டோஸ் 2000-க்குப் பிறகுதான். அந்த மாநாடுகளில் விசைப்பலகைக்கும் குறிமுறைக்கும் கிடைத்த கவனத்தோடு ஒப்பிட்டால், வலையமைப்பின் பெயர்ப்பட்டியல் பேசப்படாத பொருளாகவே இருந்தது. அது வியப்புக்குரியதன்று, எழுதவே வழியில்லாதபோது பெயர்ப்பலகையைப் பற்றி யார் கவலைப்படுவர்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஆகப் பதினைந்து. நம் மொழியின் பெயர் நெட்பயாஸ் பெட்டியில் ஒரு பைட்டும் மிகாமல் குறையாமல் சரியாக அமைகிறது. அதன்பின் ஓர் எழுத்துக்கும் இடமில்லை. 'கோலா தெர்லா' என்பதோ இடைவெளியோடு சேர்த்துப் பதினொரு குறி, 31 பைட்டு. பெட்டியின் இருமடங்குக்கும் மேல். ரோமன் எழுத்தில் அதே பெயர் பதினொரு பைட்டில் முடிந்துவிடுகிறது. திஸ்கியில் எழுதினாலும் பதினொன்றே. தமிழக அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரே குறி என்பதால், யுடிஎஃப்-8 வழியே அது பதினாறு பைட்டாகும். ஒரு பைட்டு மிகும்!

இடம் இருந்தாலும் தமிழ் நுழைந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நெட்பயாஸ் பெயர்கள் ஒருங்குறியில் அல்லாமல், அந்தந்தக் கணினியின் பழைய டாஸ் எழுத்தட்டவணையில் எழுதப்பட்டன. மேலை ஐரோப்பாவுக்கு 850 என்னும் அட்டவணை. கிரேக்கம், ரஷ்யம், ஜப்பானியம், தாய் ஆகியவற்றுக்குத் தத்தம் அட்டவணைகள். தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை விண்டோஸில் என்றுமே வரவில்லை. தமிழ் நேரே ஒருங்குறி வழியாகவே உள்ளே வந்தது. அதனால் ஒரு ஜப்பானியப் பள்ளி தன் எழுத்தில் கணினிக்குப் பெயரிட முடிந்த காலத்தில், தமிழ்ப்பள்ளிக்கு அது இயலாததாயிற்று.

கோப்பின் பெயர்களுக்கும் இதே நிலை சில ஆண்டுகள் இருந்தது. சாம்பாவின் பழைய பதிப்புகள் கோப்புப் பெயர்களையும் டாஸ் அட்டவணை வழியே அனுப்பின. அட்டவணையில் இல்லாத எழுத்து அடிக்கோடாகவோ வினாக்குறியாகவோ மாறும். 'பாடம்', 'படிவம்' என்று வேறுபட்ட பெயர்களுடைய கோப்புகள் மறுமுனையில் வெறும் கோடுகளாக நிற்கும்போது, அவற்றுள் எது எது என்று பெயரால் பிரித்தறிய முடியாது. கோப்புப் பெயரை ரோமன் எழுத்திலேயே வைக்க வேண்டும் என்னும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்கு இத்தகைய இழப்புகள் ஒரு காரணம் என்று கருதுகிறோம். 2003 செப்டம்பரில் வெளிவந்த சாம்பா 3.0 ஒருங்குறியில் உரையாடத் தொடங்கியது. கோப்புப் பெயர்கள் தமிழில் பிழையின்றிச் சென்று திரும்பின. காரணம் நீங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழக்கம் நீங்கவில்லை. தமிழாசிரியர் கணினியிலும் தமிழ்ப் பாடத்தின் கோப்பு ரோமன் எழுத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

2017-உம் அதன் பின்னும்

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்னும் பிணைப்பண நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. எஸ்எம்பியின் முதற் பதிப்பில் இருந்த ஒரு பிழையே அதன் வாயில். தான் புகுந்த கணினியின் வலையமைப்பில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, 445 ஆம் போர்ட் திறந்துள்ளதா என்று பார்த்து அது பரவியது. கதவு தட்டும் செயல் ஒன்றே. தட்டியவரின் எண்ணம் வேறு. அப்பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்பதும், பலர் அதனை நிறுவாமல் இருந்தனர் என்பதும் பள்ளிக் கணினிப் பொறுப்பாளர் மறக்கக்கூடாதவை.

அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, எஸ்எம்பியின் முதற் பதிப்பைத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. அதனைச் சார்ந்திருந்த தேர்தலும் பட்டியலாளரும் அதோடு மறைந்தன. பலரின் திரையில் அண்டைக் கணினிகள் ஒரே நாளில் காணாமற் போயின. கணினிகள் இருந்தன, கோப்புகளும் இருந்தன. பெயர் கூப்பிடுபவர்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவ்விடத்துக்கு விண்டோஸில் டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்னும் முறை வந்தது. ஆப்பிள் 2002-இல் கொண்டுவந்து, பின்னர் போன்ஜூர் என்று பெயரிட்ட மற்றொரு முறையை ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோக்மலும் 2013 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6762, 6763 என்னும் பொது ஆவணங்களாக்கினர். லினக்ஸில் அதனை அவாஹி என்னும் மென்பொருள் செய்கிறது. அதன் கட்டளை அவாஹி-பிரௌஸ்.

தமிழுக்கு முதன்மையானது இந்தப் பின்னைய முறை. சேவையின் பெயர் மனிதர் படிப்பதற்கானது. ஆதலின் அது யுடிஎஃப்-8-இல், இடைவெளியோடும் குறிகளோடும், விரும்பிய மொழியில் இருக்கலாம் என்று 6763 ஆம் ஆவணம் வெளிப்படையாக வகுக்கிறது. பதினைந்து பைட்டு 63 ஆக விரிந்தது. தமிழில் அது 21 குறிகள். 'கோலா தெர்லா பள்ளி' என்பது 47 பைட்டு, தாராளமாக அமையும். 'கோலா தெர்லா தமிழ்ப்பள்ளி' என்றாலோ 68; ஐந்து பைட்டு மிகுந்துவிடுகிறது. அறுபத்து மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒரு முழு வாக்கியமே அடங்கும் இடத்தில், நமக்கு ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் ஒருசேர அடங்கவில்லை. பெட்டியைப் பெரிதாக்கியவர்கள் எழுத்தை எண்ணவில்லை, பைட்டையே எண்ணினர். நடைமுறையில் 'கோலா தெர்லா நூலகம்' என்பது போன்ற பெயர் 50 பைட்டில் முடியும். அவாஹியின் சேவைக் கோப்பில் பெயருக்குரிய இடத்தில் அதனை ஒருங்குறியில் எழுதினால் போதும். கணினியின் பழைய நெட்பயாஸ் பெயர் ரோமன் எழுத்தில் அப்படியே இருக்கலாம். விண்டோஸ் இன்றும் பதினைந்தைத் தாண்டிய பெயரை எச்சரிக்கையோடுதான் ஏற்கிறது.

ஒரு செய்தியை மட்டும் மாணவர் அறிந்து வைத்திருப்பது நன்று. அவாஹி-பிரௌஸ் கட்டளையைச் சாதாரணமாக இயக்கினால் தமிழ்ப்பெயர் தமிழிலேயே தோன்றும். சில முனையத் திரைகளில் மட்டும் கொம்பும் காலும் விலகி நிற்கும், அல்லது பெட்டிகளாகத் தெரியும். பிற நிரல்கள் படிப்பதற்கான வடிவில் வெளியிடச் சொன்னால், ஒவ்வொரு பைட்டும் சாய்கோட்டுக்குப் பின் மூன்று இலக்க எண்ணாக வரும். 'க' என்பது 224, 174, 149. தமிழ்க் குறி எதுவாயினும் 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். எண்கள் மட்டுமே நிறைந்த ஒரு வரியில் இவ்விணை அடுத்தடுத்து வரக் கண்டால், அந்த வலையமைப்பில் எங்கோ ஒரு கணினி தமிழில் பெயர் சொல்கிறது என்று கொள்ளலாம்.